துண்டுக்கு வெளியே

திருடினது நீங்க, திருடன்கிற பேரு எனக்கு. இது எந்த ஊர் நியாயமுங்க? உதடு அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, தேர்வு அறையின் கரும்பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே நடந்தபடி சென்னியப்பன் கேட்டான். பதில் சொல்ல வேண்டிய ஆள், அவனுடைய ஆய்வு நெறியாளர், அங்கே இல்லை. அவர் இந்நேரம் மாடியில் தன் அறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் யாரோ வெளிநாட்டுக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பார்க்கப்போனால் இந்த வடநாட்டுக் குளிரில் இங்கே நடந்துகொண்டிருக்க வேண்டியவர் அவர்தான். இந்தப் பிள்ளைகளுக்கு நுண்பொருளியல் நடத்துகிறவர் அவர், கேள்வித்தாள் போட்டவர் அவர், மேற்பார்வையாளர் என்று கதவில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதும் அவர் பெயர். காலையில் போன் போட்டு, "சென்னி, ஒரு சின்ன உதவி. இன்னிக்கு ஹால் நீங்க பாத்துக்கறீங்களா? எனக்கு ஒரு மீட்டிங் மாட்டிக்கிச்சு" என்றார். வாங்க போங்க என்றுதான் எப்போதும் பேசுவார். அந்த மரியாதைதான் தொண்டைக்குள் முள்ளாக நிற்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் ஒருத்தன் ஏமாற்றினால் இவன் "அடே" என்பான், அவனும் "அடே" என்பான், சட்டைக் கழுத்து கைக்கு வரும், நாலு பேர் நடுவில் விழுவார்கள், அது அங்கேயே தீர்ந்துபோகும். இங்கே ஏமாற்றுகிறவர் "ப்ளீஸ்" போடுகிறார். ஏமாந்தவன் "சரிங்க சார்" சொல்கிறான். சொன்னான். இன்று காலையிலும் சொன்னான். கோபக்காரன் என்று ஊரே பேர் வைத்த சென்னியப்பன், லாரிக்காரன் ஒருவன் மாடுகளை ஒன்றையொன்று மிதிக்கும்படி ஏற்றிக் கட்டினான் என்பதற்காக அவன் வண்டிக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்த சென்னியப்பன், போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று "சரிங்க சார்" சொன்னான். அப்புறம் இரண்டு தரம் பல் தேய்த்தும் அந்த வார்த்தையின் கசப்பு போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி, மரம் தெரியவில்லை, எதிர்க் கட்டடம் தெரியவில்லை. உள்ளே பேனாக்களின் சத்தம். அத்தனை பிள்ளைகளும் தலையைக் கவிழ்த்து எழுதும்போது வருகிற அந்தச் சத்தம், மாடுகள் ராத்திரியில் அசைபோடுகிற மாதிரியே இருக்கிறது என்று முன்பெல்லாம் நினைத்துச் சிரிப்பான். இன்று சிரிப்பு வரவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த ஈரிழைத் துண்டை இறுக்கிக்கொண்டான். ஸ்வெட்டருக்கு மேலே துண்டு. மஃப்ளர் வாங்கக் கூடாதா என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அவர் மட்டும் கேட்டதில்லை. கேட்பாரா? அவருக்கு அந்தத் துண்டு கொடுத்ததை வேறு எந்தத் துணியும் யாருக்கும் கொடுத்திருக்காது.

மூன்றாவது அத்தியாயம் முழுக்கச் சிவப்பு. போன வாரம் ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்திருந்தான். யார் யாருடைய வரிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும், அதில் தேறாமல் டாக்டர் பட்டத்துக்கு ஒருவனும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. நூலகத்துப் பெண் திரையை அவன் பக்கம் திருப்பினாள். மற்ற அத்தியாயங்களில் அங்கங்கே ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மூன்றாவதில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு, கசாப்புக்கடை வாசல் மாதிரி. "உங்க கைடோட பேப்பரையே காப்பியடிச்சிருக்கீங்களே, வேற ஆளே கிடைக்கலையா?" என்றாள் அவள் இந்தியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. காப்பியா? எந்தப் பேப்பர்? அவள் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைத் திறந்து காட்டினாள். அதில் அவன் நெறியாளரின் பெயர். கூட இன்னொரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் பெயர். கீழே அவன் வரிகள். வெட்டி, சீவி, இஸ்திரி போட்டு நிறுத்தியிருந்தாலும் அவனுக்குத் தெரியாதா? தன் மாட்டின் கொம்பைச் சீவி வர்ணம் அடித்து வேறொருவன் சந்தையில் கொண்டுவந்து நிறுத்தினால், மாடு திரும்பிப் பார்க்கும், அது பார்த்தது. முதல் வரைவைக் கொடுத்தபோது, "நல்லா வந்திருக்கு சென்னி. கொஞ்சம் ஊறட்டும்" என்று வாங்கி மேசைக்குள் வைத்தார். ஊறட்டும். அவர் சொன்னால் சரி என்று இவன் நாலாவது அத்தியாயத்துக்குப் போய்விட்டான். இது இங்கே ஊறிக்கொண்டிருந்தது, அது அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. முந்தி அச்சானது அவருடையது, ஆகவே பிந்தி வந்தவன் திருடன். கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெரியும். அதைக் குற்றம் சொல்லி என்ன? அவரிடம் ஓடினான். அவர் பதறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஒரு டெக்னிகல் விஷயம், கோபப்படாதீங்க. மூணாவது அத்தியாயம் என்னோட கட்டுரையை அடிப்படையாக் கொண்டதுன்னு முதல் பக்கத்துல ஒரு வரி சேர்த்துடுங்க. நான் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டுடறேன். சிம்பிள்" என்றார். சிம்பிள். இந்த மாதத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. வாங்கக்கூடிய கால நீட்டிப்பையெல்லாம் வாங்கி முடித்தாகிவிட்டது. அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் காகிதம் எந்த மேசையிலும் நகராது. அது அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். ஒரே ஒரு வரி. என்னுடையது என்னுடையது அல்ல என்று என் கையாலேயே ஒரு வரி.

என்ன எடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? இரண்டாவது வரிசையில் ஒருவன் கழுத்தை நீட்டிப் பக்கத்துத் தாளைப் பார்த்தான். சென்னியப்பன் அவன் மேசையில் ஒரு விரலால் தட்டினான். பையன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். பாருங்க, இவன் பார்த்தது ஒரு வரி, அதுக்கு நான் தட்டறேன். தாளைப் பிடுங்கினால் வருஷமே போய்விடும் இவனுக்கு. சந்தையில் மாடு பேசும்போது வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் நடுவில் தரகன் கையும் ஒரு துண்டுக்குக் கீழே போகும். வாயில் விலை வராது. ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரல் மடிப்பை அழுத்தினால் அதில் பாதி. தரகன் முகம் மட்டும் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காகத்தான் துண்டு என்று எல்லாரும் நினைத்தார்கள், புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின, இதே நெறியாளரும் அப்படித்தான் சொன்னார். அத்தனை வருஷம் அந்தத் துண்டுக்குள் கை வைத்திருந்த இவனுக்கும் அது இல்லை என்று மட்டும்தான் தெரிந்தது, எது என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று சந்தைக்கு மாட்டுத் தரகனாகப் போனவன், மாடு முட்டித் தோள் மூட்டு நகர்ந்தவன், தபாலில் பி.ஏ., தபாலில் எம்.ஏ. எழுதித் தலை நரைக்கத் தொடங்கியபோது இந்தத் தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் காலை வைத்தவன், அப்புறமும் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒருநாள் ஹாஸ்டல் குளியலறையில் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றிய நொடியில் கண்டுபிடித்தான்: துண்டு விலையை மறைக்க இல்லை. இறங்கி வருவதை மறைக்க. நாலு பேர் பார்க்க ஒரு விலை சொன்னவன் அதிலிருந்து இறங்க மாட்டான். இறங்கினால் அடுத்த சந்தையில் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை, வீட்டில்கூட மதிப்பில்லை. மறைவு கிடைத்தால் இறங்குவான். மனுஷனுக்கு விட்டுக்கொடுக்க ஒரு மறைவு வேணும். அதுதான் துண்டு. ஈரத்தலையோடு அவர் அறைக்கு ஓடினான். அன்று அங்கே வேறு மூன்று ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள். அவர் நம்பவில்லை. சரி, வாங்க சார், நீங்க விக்கறவரு, நான் வாங்கறவன், உங்க பேனாதான் மாடு. முதலில் வாயால் பேசினார்கள். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றதும் அவர் சொன்ன விலையிலேயே நின்றார், விளையாட்டுக்குக்கூட இறங்கவில்லை, முகம் சிவந்துவிட்டது. அப்புறம் இவன் கழுத்திலிருந்து துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினான். அவருடைய விரல்கள் மெத்தென்று இருந்தன, கொஞ்சம் வியர்த்திருந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கினார். இறங்கியதை அவரே உணர்ந்து, "அட, ஆமாய்யா!" என்று கத்தினார். அந்த ஒரு தடவைதான் அவர் மரியாதையை மறந்தது. அந்த ஒரு தடவைதான் இவனுக்கு அவரை ரொம்பப் பிடித்தது.

அதைத்தான் கட்டுரையின் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறார். தென்னிந்தியச் சந்தை ஒன்றில் ஒரு தரகர் என் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்தபோது எனக்கு அந்த உண்மை புலப்பட்டது என்று. எந்தச் சந்தைங்க? நீங்க எப்போ சந்தைக்கு வந்தீங்க? மாட்டுச் சாணம் உங்க செருப்பில் ஒட்டியிருக்கிறதா? உங்க அறையில் நடந்ததுங்க அது, உங்க ஏ.சி.க்குக் கீழே, உங்க பேனாவை மாடாக்கி. அந்தத் தரகர் நான். உங்கள் ஆய்வு மாணவனாகப் பதிவு எண்ணோடு எதிரில் நின்றவன், அச்சில் வரும்போது பேரில்லாத ஒரு தரகனாகிவிட்டேன். கடைசியில் ஒரு அடிக்குறிப்பு: களப்பணியில் உதவிய நண்பருக்கு நன்றி. நண்பருக்கு. அந்த நண்பருக்குப் பேரில்லை. நடந்துகொண்டே இருந்தவன் ஜன்னலோரம் நின்றுவிட்டான். கண்ணாடியில் கை வைத்தான், சில்லென்றது. ஆனால் நியாயம் பேச வந்தால் முழு நியாயமும் பேச வேண்டும். அந்தக் கணக்கு அவருடையது. அன்று சாயங்காலமே வெள்ளைப் பலகையில் மடமடவென்று கிரேக்க எழுத்துகளாக எழுதினார். இவன் வாயால் ஒரு பக்கம் சொன்னதை மூன்று வரிக்குள் அடக்கினார். இவனால் அது முடியாது. இப்போதும் முடியாது. அந்த மூன்று வரி இல்லாமல் இது கட்டுரை ஆகியிருக்காது, டீக்கடைப் பேச்சாகத்தான் இருந்திருக்கும். ஊரெல்லாம் இவனைப் பார்த்துச் சிரித்தபோது, இவ்வளவு வயதான ஆளா, தபாலில் படித்தவனா என்று நேர்காணலில் மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கியபோது, "இவரை நான் எடுத்துக்கறேன்" என்று சொன்னவரும் அவர்தான். அதெல்லாம் உண்மை. எத்தனை தடவை அந்த உண்மையை எடுத்துத் தன் கோபத்தின் மேல் தண்ணீராக ஊற்றியிருப்பான்? ஊற்றிய இடத்தில் புகைகிறது, அணையவில்லை. கணக்கு உங்களுது, சரி. ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமில்லைங்க? என் பேர் பின்னாடி இருந்தால்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனுங்க. ஒரு ஓரம் போதும். யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த ஓரத்தை எனக்குக் கொடுக்கக் கூடாதா? அவன் என்ன செய்தான்? ஆங்கிலத்தைத் திருத்தினானா?

"சார், ஒரு டவுட்." ஐந்தாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கியிருந்தாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் அவன் தலைக்குள் எது விழுந்தாலும் தமிழாகத்தான் விழும். பச்சை ஸ்வெட்டர், மூக்கின் நுனி குளிரில் சிவந்திருந்தது. ரித்து என்று பேர், ஹரியானாக்காரி, நூலகத்தில் பார்த்திருக்கிறான். குனிந்தான். அவள் கேள்வித்தாளில் கடைசிக் கேள்வியைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். காலையில் தாள்களை எண்ணிக் கொடுத்தபோது அவன் கேள்விகளைப் படிக்கவில்லை. இப்போது படித்தான். அதில் அவருடைய பெயர் இருந்தது. இன்னாருடைய மௌனப் பேரக் கோட்பாட்டை விளக்குக. அந்தப் பெயரை அவன் மனசுக்குள்கூட உச்சரிப்பதில்லை என்று வைராக்கியம் வைத்திருந்தான், அது அச்செழுத்தில் அத்தனை மேசையிலும் கிடக்கிறது, அத்தனை பிள்ளைகளும் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அசைபோடுகிற சத்தம் எதுவென்று இப்போது தெரிந்தது. "கண்டுபிடிச்சவர் பேருக்குத் தனி மார்க் உண்டா சார்?" என்று கிசுகிசுத்தாள். "உண்டு," என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. "முழுப் பேரும் எழுதணுமா?" "எழுதணும்." அவள் எழுதப் போனவள் நிமிர்ந்தாள். "அந்தப் புரோக்கர் பேரு என்ன சார்? ஆரம்பத்துல ஒருத்தர் வருவாரே, சார் கையைப் பிடிச்சு இழுக்கறவர்? கட்டுரையில பேரே இல்ல. அதுக்கு மார்க் இருக்காதுல்ல?" "இருக்காது." "வகுப்புல சார் அவரை நடிச்சுக் காட்டுவார்," என்றாள், வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள், "ரொம்ப வேடிக்கையா இருக்கும். தோளை இப்படி ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டு, என்னுங்க, என்னுங்கன்னு." தமிழ் தெரியாத வாய் அந்த ஒரு வார்த்தையைச் சுத்தமாகச் சொன்னது. பல தடவை கேட்டுப் பழகிய வாய். சென்னியப்பன் நிமிர்ந்தான். மாடு முட்டி நகர்ந்த மூட்டுக்காக ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கிற தன் தோளைச் சட்டென்று இறக்கினான். இறக்கியதும் வலித்தது. "எழுதும்மா, நேரம் போகுது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். அவள் புரியாமல் பார்த்து, பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளிடம் என்ன தப்பு? சிரிக்கச் சொல்லி ஒருத்தர் சிரிப்புக் காட்டினார், சிரித்தாள். என்னுங்க. திருடினதோட விட்டிருக்கலாமுங்க. திருடின பொருளைத் தின்னுட்டு, கொடுத்தவனைக் கோமாளி ஆக்கணுமா? எத்தனை வகுப்புங்க? எத்தனை வருஷமா? நான் வராந்தாவில் போகும்போது இந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டது எனக்காகத்தானா? மண்டைக்குள் ரத்தம் குதித்தது. கையில் இருந்த கூடுதல் விடைத்தாள் கட்டு கசங்கியது. இந்த நிமிஷமே மாடி ஏறிப் போய் அந்தக் கதவை உதைத்து… உதைத்து என்ன செய்வாய்? தோளைத் தூக்கிக்கொண்டு என்னுங்க என்பாயா?

கதவோரம் ஜோஸ் டீயோடு நின்றான். பக்கத்து அறைக்கு மேற்பார்வை, பாலக்காட்டுக்காரன், இவனைப் போலவே ஆய்வு மாணவன், தமிழ் நன்றாகப் பேசுவான். காகிதக் கப்பை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்தான். "என்னண்ணா, மாடு முட்டின மாதிரி நிக்கறீங்க?" "முட்டித்தான் இருக்கு." "இன்னும் அதே கதைதானா?" ஜோஸ் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு சொல்றேன், அடிக்கக் கூடாது. அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துட்டு டாக்டராயிட்டுப் போங்கண்ணா. அப்புறம் நம்ம ஊர்ல ஏதாவது காலேஜ்ல உக்காந்து அவரைத் தினம் திட்டிக்கலாம். நான் வேணா போன் பண்ணிக் கூடச் சேந்து திட்டறேன்." "திருடன்னு நானே எழுதிக் கொடுக்கச் சொல்றயா?" "திருடன்னு யார் எழுதச் சொன்னா? அடிப்படையாக் கொண்டதுன்னு எழுதச் சொன்னாரு. அவருக்கு இறங்கி வர ஒரு வழி கொடுங்கண்ணா. எல்லாரும் பாக்க அவரால இறங்க முடியாது. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? ஒரு துண்டைப் போடுங்க." ஜோஸ் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சூடான டீ நாக்கைச் சுட்டது சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. ஆமாம். நான்தான் கண்டுபிடிச்சேன். மறைவு கொடுத்தால் மனுஷன் இறங்குவான். மறைவில்லாமல் இறங்க மாட்டான். அத்தியாயம் மூன்று, என்னுடையது, அவருடையதும். அந்தக் கோட்பாடு சரியென்றால் ஜோஸ் சொல்வதுதான் வழி. அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலை உயர்த்தாமல், உங்களுக்கு அவமானம் இல்லாமல் எனக்கும் நஷ்டம் இல்லாமல் எப்படி முடிக்கலாமுங்க என்று விரலைப் பிடிக்க வேண்டும். இவனுக்குத் தெரியாத வேலையா? வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்தான், எத்தனை முரடர்களைத் துண்டுக்கு அடியில் இறக்கியிருக்கிறான், இறங்கியவர்களெல்லாம் வெளியே மீசையை முறுக்கிக்கொண்டுதான் போனார்கள். நேற்று ராத்திரி மனைவி கோகிலா போனில் அழுதாள். ஏனுங்க, எல்லாத்தயும் உட்டுப்போட்டு அங்க போனீங்க, இப்ப சண்டை போட்டு இதையும் உட்டுப்போட்டு வந்தா, உங்களை எவன் சந்தைக்குள்ள சேத்துவான், எவன் காலேஜ்ல சேத்துவான்? அவள் சொன்னதில் தப்பே இல்லை. அங்கே போனால் படிச்சவன் என்று ஒதுக்குவார்கள். இங்கே இருந்தால் தரகன் என்று நடித்துக் காட்டுவார்கள். நடுவில் அந்த ஒரு காகிதம்தான் கயிறு, அதையும் அறுத்துக்கொண்டால் எங்கே போய் நிற்பது? பயம்தான், வேறென்ன? கோபம் கழுத்துக்கு மேலே, பயம் கழுத்துக்குக் கீழே, நடுவில் இந்தத் துண்டு. "போய் உன் ஹாலைப் பாருடா," என்றான். ஜோஸ் காலிக் கப்பை வாங்கிக்கொண்டு, "டாக்டர் சென்னியப்பன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். யோசித்தான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

மறுபடி நடந்தான். துண்டைப் போடு. துண்டைப் போடு. காலடிக்குக் காலடி அதே வந்து இடறியது. யாருக்கு மறைவு வேணும்? தப்புச் செஞ்சவருக்கு. மறைவைக் கொடுக்க வேண்டியது யார்? அடிபட்டவன். இது என்ன சந்தையுங்க? மாட்டுக்கு நான் துண்டு போட்டேன் என்றால் அங்கே ரெண்டு பேரும் நேர்மையான ஆளுங்க, மாடு ஒருத்தன் கையில் இருக்கு, அடுத்தவனுக்கு அது வேணும். அதுக்கு மறைவு கொடுக்கலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனுக்கு எவனாவது துண்டு போட்டதுண்டா? அங்கே கூட்டத்தைத்தான் கூட்டுவார்கள். சத்தம் போட்டுத்தான் கேட்பார்கள். ஆனால் சத்தம் போட்டால் அவர் இறங்க மாட்டார். என் அத்தியாயமே சொல்கிறது, மூன்று வரிக் கணக்கும் சொல்கிறது. நான் அவமானப்படுத்தினால் அவர் கையெழுத்துப் போட மாட்டார், கமிட்டி என்பார், விசாரணை என்பார், விசாரித்தால் கம்ப்யூட்டர் என் பக்கம் சிவப்பைக் காட்டும். நான் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன் என்பதாலேயே நான் தோற்கணும். அப்படித்தானுங்களா? என் மூளையில் உதித்தது, உங்க கையில் போய், திரும்பி என் கழுத்துக்கே வருதுங்களா? நின்றான். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பச்சை ஸ்வெட்டர்ப் பெண் முழுப் பெயரையும் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள், ஸ்கேல் வைத்து, நேராக. அந்தக் கோடு இவன் மார்பின் குறுக்கே ஓடுவது மாதிரி இருந்தது. வெளியே பனி கொஞ்சம் விலகி மரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. தலையில்லாத மரம்.

மணி அடித்தது. "பேனாவை வைங்க," என்றான். விடைத்தாள்களை வாங்கி, வரிசைப்படுத்தி, நூலால் கட்டினான். மாட்டுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சுதான் கைக்குத் தானாக வந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள், வராந்தாவில் நின்று கடைசிக் கேள்வியைப் பற்றிக் கூச்சல் போட்டார்கள், புரோக்கர் கேள்வி, புரோக்கர் கேள்வி என்று. அந்தக் கூச்சல் சட்டென்று தணிந்ததிலிருந்து அவர் வருகிறார் என்று தெரிந்தது. நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல சிரிப்பு. பிள்ளைகளைப் பார்த்து ஆங்கிலத்தில், "எப்படி, பேப்பர் ஈஸியா?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அறைவாசலுக்கு வந்து கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு அடி நெருங்கி, குரலை இறக்கி, தமிழுக்கு வந்தார். "தேங்க்ஸ் சென்னி. அந்த வரியை இன்னிக்கு முடிச்சுடலாமா? ரூமுக்கு வாங்க. நான் யோசிச்சேன், அடுத்த பேப்பர்ல உங்க பேரையும் சேத்துக்கலாம். பேசுவோம், இங்க வேண்டாம், பசங்க நிக்கறாங்க." தமிழுக்கு வந்தார். பக்கத்து அறை வாசலில் நின்ற ஜோஸைத் தவிர அங்கே யாருக்கும் புரியாத மொழிக்கு. சென்னியப்பனுக்குப் பளிச்சென்று பட்டது: போட்டாச்சு. அவர் ஏற்கெனவே துண்டைப் போட்டாகிவிட்டது. இத்தனை வருஷமாக வாங்க, சென்னி, கோபப்படாதீங்க என்று இவன் தாய்மொழியில் மெத்தென்று வந்ததெல்லாம் துண்டு. உள்ளே விரலைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார், இவன்தான் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறான், சரிங்க சார், சரிங்க சார் என்று. கழுத்துத் துண்டை உருவினான். அவர் அதைப் பார்த்தார். பழைய விளையாட்டு நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் மலர்ந்தது, வலது கையை நீட்டினார். "அதுவும் சரிதான், போடுங்க. ஒரு நிமிஷத்துல பேசி முடிச்சுடலாம்." வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்னியப்பன் துண்டை மடித்தான். நிதானமாக, நாலாக மடித்து, அவர் இடது கையிலிருந்த விடைத்தாள் கட்டின் மேல் வைத்தான். நீட்டிய கை அப்படியே வெறுமனே நின்றது. இவன் ஆங்கிலத்துக்கு மாறினான். தட்டித் தடவிக் கற்ற ஆங்கிலம், இலக்கணம் அங்கங்கே நொண்டும், ஆனால் சந்தையின் கடைசி மாடு வரை கேட்கிற குரல். தோளை இறக்கவில்லை, வலிக்காதபடி எப்போதும் நிற்கிற மாதிரியே நின்றான். "வேண்டாம் சார். துண்டு இல்லாமல் பேசுங்கள். இவர்கள் கேட்கட்டும்," என்றான். ரித்து திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் வகுப்பில் நடித்துக் காட்டுகிற அந்தப் புரோக்கர் நான்தான். துண்டுக்குள் உங்கள் கையை இழுத்தவன் நான். அது உங்கள் அறையில் நடந்தது. நாலு பேர் பார்க்கும்போது எந்த மனுஷனும் இறங்கி வர மாட்டான் என்று எழுதியதும் நான்தான். அதற்கு நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "என் அத்தியாயம் பொய்யாகப் போகட்டும் சார். எனக்கு அதில் சந்தோஷம்தான். இவர்கள் எல்லாரும் பார்க்க இறங்கி வாருங்கள். அந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள், அது யாருடையது என்று. இன்றைக்கே எழுதுங்கள், இவர்களுக்கும் சொல்லுங்கள். என் பெயர் சென்னி இல்லை. சென்னியப்பன். முழுசாக எழுதுங்கள்."